ஐந்து கதவு வளர்ச்சி

நகராட்சியிலிருந்து ஒரே நாளில் ஆறு கடிதங்கள் வந்தபோது சாவிக்காரர் முதலில் தபால்காரரைத்தான் சந்தேகப்பட்டார். ஆறிலும் அவர் பெயர்தான், அவர் தெருதான். முதல் கடிதம் வழக்கமான வீட்டு வரி. மற்ற ஐந்தும் அவர் வீட்டின் பின்புறம் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்ட ஐந்து வீடுகளுக்கான வரி. ஒவ்வொன்றின் அடியிலும், நகர வளர்ச்சியில் பங்கெடுத்தமைக்கு நகர்மன்றத் தலைவரின் நன்றி அச்சிடப்பட்டிருந்தது.

தன் வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது ஒரு மனிதனுக்குத் தெரியாமல் போகாது. இருந்தாலும் அவர் எழுந்து போய்ப் பார்த்தார். தகரக் கூரை போட்ட பட்டறை அப்படியே இருந்தது. சாவி வெட்டும் இயந்திரம், அரங்கள், ஆணிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் வெட்டாத சாவிகள். பட்டறையின் வெளிச்சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஐந்து கதவுகள் நிலையோடு வரிசையாக நின்றன. வாங்க வருகிறவர்கள் பூட்டைத் தாங்களே திருகிப் பார்க்கட்டும் என்று அவர் நிறுத்தி வைத்த மாதிரிக் கதவுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதப் பூட்டு. குழப்பம் வரக்கூடாதென்று ஒன்றிலிருந்து ஐந்து வரை வெள்ளைப் பெயின்டில் எண் போட்டிருந்தார்.

அவருடைய மைத்துனன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு நகர்மன்றக் கூட்ட அரங்கில் மைக் இயக்கும் வேலை, ஒப்பந்தக் கூலி. மனைவியோடும் மூன்று வயதுப் பெண்ணோடும் நான்கு வருஷமாக அக்கா வீட்டுக் கூடத்தில், ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் குடியிருந்தான். நகராட்சியின் வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவன் இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள். கடிதங்களை வாங்கிப் படித்துவிட்டு, இதெல்லாம் எழுத்துப் பிழையாக இருக்கும், ஒரு நடை போய்ச் சொன்னால் சரியாகிவிடும் என்றான். பத்து வருஷம் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவன் அப்படிச் சொன்னதை சாவிக்காரரும் நம்பினார்.

நகராட்சியில் ஏழாம் ஜன்னலில் ஒரு பெண் எழுத்தர் இருந்தார். சாவிக்காரர் சொன்னதை நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். அவை கதவுகள் என்பதை உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் பதிவேட்டில் அவை வீடுகள். வீட்டைப் பதிவிலிருந்து நீக்க வேண்டுமென்றால் இடிப்புச் சான்று வேண்டும். இடிப்பதற்கு முன் அதில் குடியிருப்போருக்கு மாற்று இடம் கொடுத்ததாகக் காட்ட வேண்டும். அதில் யாரும் குடியில்லை என்று சாவிக்காரர் சொன்னார். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்றார். ஆயிரத்துச் சொச்சம் பேர் வீட்டுக்குக் காத்திருக்கும் ஊரில் ஐந்து வீட்டைப் பூட்டி வைத்திருப்பதற்குத் தனி அபராத வரி உண்டு. இப்போது அவர் வாயாலேயே சொல்லிவிட்டதால் அதைச் சேர்த்தாக வேண்டும்.

கணக்கெடுத்த வரி ஆய்வாளரைப் பார்க்கச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். ஆய்வாளர் மெலிந்த, நன்றாகச் சவரம் செய்த மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனாக்கள். சாவிக்காரரை உட்காரச் சொல்லி, விதியை எடுத்து வாசித்துக் காட்டினார். தனி நிலை, தனிப் பூட்டு, தனி எண் ஆகிய மூன்றும் உடையது வீடு. பழைய விதியில் சுவர், கூரை, சமையலறை, கழிப்பறை என்று நீண்ட பட்டியல் இருந்ததாம். வீட்டு வளர்ச்சிக்கு அது பெரும் தடையாக இருப்பதைக் கண்டு தலைவர் சென்ற ஆண்டு நீக்கிவிட்டார்.

"கதவைத் தொறந்து பாத்தீங்களா சார்?" என்று கேட்டார் சாவிக்காரர்.

"பூட்டியிருந்த வீடு. அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறது நாகரிகமில்லையே."

இப்போதாவது வந்து பாருங்கள் என்று சாவிக்காரர் கேட்டுக்கொண்டார். ஆய்வாளருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் காலம் கடந்துவிட்டது என்று விளக்கினார். இந்த ஆண்டு எண்ணூறு புதிய வீடுகள் எழும் என்று தலைவர் அறிவித்திருந்தார். எண்ணூறைத் தொட்டால் வரி விகிதம் உயராது. ஒன்று குறைந்தாலும் ஊர் முழுக்க வரி இரண்டு சதவீதம் ஏறும். ஊரெல்லாம் அலைந்து எண்ணியதில் எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து வந்தது. கடைசி நாள் மாலையில், ஒரு சந்துக்குள் நுழைந்தபோது, அந்த ஐந்து கதவுகள் அவர் கண்ணில் பட்டன. அந்தத் தருணத்தை நினைவுகூர்ந்தபோது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. எண் இப்போது வரவு செலவுத் திட்டத்தில் ஏறிவிட்டது. இனி பட்ஜெட் கூட்டத்தில் மன்றமே பார்த்து இறக்கினால்தான் உண்டு. பொதுமக்கள் ஆட்சேபம் சொல்ல ஆளுக்கு மூன்று நிமிஷம் தருவார்கள். அதற்கொரு படிவம் இருந்தது. சாவிக்காரர் நிரப்பிக் கொடுத்தார்.

கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான்காம் நாள் அபராத வரி வந்தது. அதை இன்ன தேதிக்குள் கட்டாவிட்டால் சொத்து முத்திரையிடப்படும் என்று எழுதியிருந்தது. சொத்து என்றால் பட்டறை. பட்டறை போனால் சோற்றுக்கு வழியில்லை. அவர் மனைவி மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தாள். யார் எவ்வளவு கத்தினாலும் குரல் உயர்த்திப் பேசாதவள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "இதுக்கு மேல என்னங்க பண்ணுவாங்க" என்று மட்டும் கேட்டாள். அதற்கான பதில் ஆறாம் நாள் வந்தது.

அது சாவிக்காரருக்கு வந்த கடிதம் இல்லை, மைத்துனனுக்கு வந்தது. அவன் அதை வாசலிலேயே பிரித்துப் படித்தான். முதல் வரியைப் படித்ததும் மனைவியைக் கூப்பிட்டான். நான்கு ஆண்டுகளாகப் பொறுமையுடன் காத்திருந்தமைக்காக அவனுக்கு வீடு ஒதுக்கப்பட்டிருந்தது. அவள் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தையிடம், நமக்கு வீடு, நமக்கு வீடு என்று இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் அவன் இரண்டாம் வரியைப் படித்தான். அதில் முகவரி இருந்தது. அவர்கள் நின்றுகொண்டிருந்த அதே வீட்டின் பின்புறம், கதவு எண் மூன்று.

யாரும் சிரிக்கவில்லை. கடிதத்தின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் இருந்தன. ஒதுக்கிய வீட்டை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும். மறுத்தால் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போகும். அதாவது ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில் புதிதாக வரிசை. சாவிக்காரர் ஆட்சேபத்தில் ஜெயித்து அந்த வீடு இல்லையென்று ஆனாலும் மறுத்ததாகவே கொள்ளப்படும். அவனுக்கு முன்னால் பட்டியலில் இருந்த இருநூற்றுப் பதினோரு பேரும் எங்கே போனார்கள், எந்தக் கதவுகளுக்குப் போனார்கள் என்று கடிதம் சொல்லவில்லை. பதிலுக்கு ஏழு நாள் தவணை. கூட்டம் நடக்கும் நாளோடு அது முடிந்தது.

அன்றிலிருந்து கூடத்தில் பேச்சு குறைந்தது. மைத்துனன் மனைவி திரைச்சீலையை நன்றாக இழுத்து மூடிக்கொண்டாள். குழந்தை விளையாடிக்கொண்டே பட்டறைப் பக்கம் போனால் அதட்டிக் கூப்பிட்டாள். ஒரு நாள் சாவிக்காரர் கைகழுவப் போகும்போது, அடுக்களையில் அவள் நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"அண்ணன் மேல தப்பே இல்ல அண்ணி. ஆனா அவங்க ஜெயிச்சா நாங்க கடைசிக்குப் போறோம். தோத்தா பட்டறை போகுது. எதுக்குன்னு நான் வேண்டிக்கறது?"

அவர் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் தம்பி, மறு பக்கம் புருஷன்.

தெருவிலும் விஷயம் பரவியது. சாவிக்காரர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அவர் ஐந்து வீட்டை எடுத்துவிட்டால் நம் வரி ஏறும் என்று மருந்துக்கடைக்காரர் கணக்குப் போட்டு எல்லாருக்கும் சொன்னார். இருபது வருஷமாக அவரிடம் பூட்டு வாங்கியவர்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். எதிர்வீட்டு ஆசிரியை மட்டும் நின்று பேசினாள். ஊருக்காக ஐந்து வீடு வைத்துக்கொள்வதில் உங்களுக்கு என்ன கஷ்டம், எல்லாரும் ஒரு வீடு வைத்திருக்கவில்லையா என்று கேட்டாள். 

ஒதுக்கீட்டு வீடு குடியிருக்கத் தகுந்ததா என்று சோதிக்க ஆய்வாளர் ஒருநாள் நேரில் வந்தார். மூன்றாம் எண் கதவைத் திறக்கச் சொன்னார். சாவிக்காரர் திறந்துவிட்டார். ஆய்வாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலடி வைத்தார். எதிரே ஒன்றரை அடியில் பட்டறைச் சுவர். திரும்ப இடமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தபோது நான்காம் கதவின் பின்பக்கம் போய்விட்டார். அங்கிருந்து சுற்றிக்கொண்டு வெளியே வந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். வீடு நெருக்கமாகவும் பராமரிக்க எளிதாகவும் இருப்பதாகவும், அண்டை வீட்டாருடன் தடையற்ற போக்குவரத்து உள்ளதாகவும் எழுதினார். காற்றோட்டம் என்ற இடத்தில் "மிக நன்று". மைத்துனன் ஓரமாக நின்று அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் போன பிறகும் நின்றுகொண்டிருந்தான்.

பட்ஜெட் கூட்டம் காலை பத்து மணிக்கு. அரங்கு நிறைந்திருந்தது. பார்வையாளர் வரிசைகளில் பாதிப் பேர் சாவிக்காரரின் தெருக்காரர்கள். மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு பலகை, ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு விசை. அன்று காலை வீட்டிலிருந்து இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் கிளம்பினார்கள்.

தலைவர் தொழிலால் பல் மருத்துவர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடக்க, தான் பேசிக்கொண்டே போவது அவருக்குப் பழக்கம். எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நான் பொறுப்பேற்றபோது இந்த நகரில் வீடில்லாதவர்கள் ஆயிரத்து நூறு பேர்" என்று ஆரம்பித்தார். "இன்றும் அவர்கள் ஆயிரத்து நூறு பேர். இத்தனை நெருக்கடியிலும் ஒருவரைக்கூட நாம் இழக்கவில்லை. எண்ணூறு வீடு என்றேன், எண்ணூறு வந்துவிட்டது. வீட்டில் இருப்பவருக்கு வரி உயராது. வீடில்லாதவருக்கு வரியே இல்லை. இதைவிடப் பெரிய சலுகையை எந்த நிர்வாகம் கொடுத்திருக்கிறது என்று என் நண்பர்கள் சொல்லட்டும்."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

எதிரணித் தலைவருக்குக் கால்குலேட்டர் என்று பட்டப்பெயர். கூட்டத்துக்கு அதில்லாமல் வரமாட்டார். அவர் அதை அழுத்தி யாரும் பார்த்ததில்லை. அவர் எழுந்ததும் சாவிக்காரருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. எதிரணி எதிர்க்கும் என்று அவர் நினைத்திருந்தார். கால்குலேட்டர் கடுமையாகத்தான் எதிர்த்தார். எண்ணூறு போதாது என்றார். வீடு பெருகினால் வரி குறையும், வரி குறைந்தால் வீடு பெருகும். இரண்டில் எதை முதலில் செய்வதென்று தலைவர் மூன்று ஆண்டுகளாகத் திணறுகிறார். இரண்டையும் காகிதத்திலேயே ஒரே நேரத்தில் செய்துவிடுவதுதான் சிக்கனம் என்று தாம் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை என்றார். தம்முடைய ஆட்சி வந்தால் ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு என்று கணக்கெடுத்து வீடுகளை இரட்டிப்பாக்குவதாக வாக்களித்தார். இரண்டு பக்கமும் மேசை தட்டப்பட்டது. தலைவர் அதை நல்ல யோசனை என்று பாராட்டிக் குறித்துக்கொண்டார். அத்தோடு விவாதம் சூடு குறைந்து, தேநீர் இடைவேளை விட்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு சாவிக்காரரைக் கூப்பிட்டார்கள். பொதுமக்களுக்கான மைக் ஒரு மரத்தூணில் இருந்தது. அதன் மேலே ஒரு சின்ன விளக்கு. மூன்று நிமிஷம் முடிந்தால் சிவப்பு எரியும். எரிந்ததும் மைக்கை அணைப்பது மைத்துனன் வேலை. சிவப்பு எரிந்த பிறகு சொல்வது எதுவும் கூட்டக் குறிப்பில் ஏறாது என்று சுருக்கெழுத்தர் எழுந்து அறிவித்தார்.

சாவிக்காரர் அதுவரை ஒரு மைக் முன்னால் நின்றதில்லை. தன் குரல் நாலு சுவரிலிருந்தும் திரும்பி வந்ததில் முதல் அரை நிமிஷம் வீணாயிற்று. அப்புறம் சொன்னார். தான் பூட்டு விற்பவன் என்பதையும், அவை மாதிரிக் கதவுகள் என்பதையும், பின்னால் ஒன்றரை அடியில் சுவர் இருப்பதையும் சொன்னார். நடுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, கதவுகள் திறக்கின்றனவா என்று கேட்டார். திறக்கின்றன என்றார். பூட்டினால் பூட்டிக்கொள்கின்றனவா? அதற்காகத்தானே நான் இருக்கிறேன் என்றார். உறுப்பினர் திருப்தியுடன் உட்கார்ந்தார். இன்னொருவர், பின்னால் சுவர் இருப்பதாக ஆட்சேபணைதாரரே ஒத்துக்கொண்டதைக் குறிப்பில் ஏற்ற வேண்டும் என்றார். சட்டம் கேட்காத சுவரைக்கூட அவர் கொடுத்திருக்கிறார் என்றார். பார்வையாளர் வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரர் கை தட்டினார்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சாவிக்காரர் விளக்கை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. கடைசியில் இத்தனை விளக்கமும் வேண்டாம், ஒரே வரியில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஐயா, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அந்த அஞ்சும் வீடு..."

சிவப்பு எரிந்தது.

அவர் திடுக்கிட்டு நிறுத்திவிட்டார். தன்னையறியாமல் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். மைத்துனன் விரல் விசையின் மேல் இருந்தது. அவனும் இவரையே பார்த்தான். அரங்கத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தை வெளியே வராவிட்டால் அவனுக்கு மூன்றாம் எண் கதவாவது மிஞ்சும். குறிப்பில் ஏறாவிட்டாலும் மன்றம் முழுக்கக் கேட்கும்படி வந்துவிட்டால் ஆயிரத்து நூறு பேருக்குப் பின்னால் நிற்க வேண்டி வரலாம். அது இரண்டு பேருக்கும் தெரியும்.  சொல்லாமல் இறங்கிவிடலாமா என்றுகூடச் சாவிக்காரர் ஒரு கணம் நினைத்தார்.

மைத்துனன் விரலை எடுத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான்.

"இல்லைங்க" என்றார் சாவிக்காரர்.

அது அரங்கின் எட்டு ஒலிபெருக்கிகளிலும், வெளியே தெருவுக்கு வைத்திருந்த இரண்டிலும் கேட்டது. வராந்தாவில் நின்ற காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார்.  தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆட்சேபணைதாரர் சொன்னதை வாசிக்கும்படி சுருக்கெழுத்தரிடம் சொன்னார்.

சுருக்கெழுத்தர் எழுந்து வாசித்தார்: "அந்த அஞ்சும் வீடு."

மேசைகள் அதிர்ந்தன. கால்குலேட்டர் ஓர் ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார். அதற்குப் பிறகும் ஏதோ கேட்டதுபோல் இருந்ததே என்றார்.

"சத்தம் கேட்டது உண்மை" என்றார் தலைவர். "ஆனால் நேரத்துக்குப் பிறகு வருவது சத்தம்தான், அது சொல் ஆகாது. உறுப்பினர் அந்தச் சத்தத்தைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, வரியை இரண்டு சதவீதம் உயர்த்த விரும்புகிறாரா?"

கால்குலேட்டர் பார்வையாளர் வரிசையைப் பார்த்தார். விரும்பவில்லை என்றார். வரவு செலவுத் திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. நகர வளர்ச்சிக்குச் சாட்சி சொன்ன குடிமகன் என்ற முறையில், சாவிக்காரரின் ஐந்து வீடுகளுக்கும் அபராதம் உட்பட மூன்றாண்டு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. பட்டறைக்கு இனி முத்திரை வராது. தெருக்காரர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கடைசியாக, சிவப்பு விளக்குக்குப் பிறகு ஒரு சொல் அளவு மின்சாரத்தை வீணடித்ததற்காக மைக் இயக்குபவரின் ஒப்பந்தம் அன்றே முடித்துக்கொள்ளப்பட்டது. அதை மைக்கில்தான் அறிவித்தார்கள். அறிவித்து முடியும்வரை அவன்தான் மைக்கை இயக்கினான்.

வெளியே படிக்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. மைத்துனன் கையில் அவனுடைய ஹெட்போனும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன.

"நீ அணைச்சிருக்கலாம்" என்றார் சாவிக்காரர். "நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன்."

"அணைக்கத்தான் அத்தான் விரல வெச்சேன்." அவன் கொஞ்ச நேரம் எதிரே போகிற வண்டிகளைப் பார்த்தான். "பத்து வருஷமா அந்தப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கேன். ஒருத்தர் ஒருத்தரா எழுந்து ஆமா ஆமான்னு சொல்றதுக்கு நான் சத்தம் கூட்டி வெச்சேன். இல்லைன்னு ஒருத்தர் சொன்னா அந்த ஸ்பீக்கர்ல எப்படிக் கேக்கும்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு."

"எப்படிக் கேட்டுச்சு?"

"நல்லாத்தான் கேட்டுச்சு."

சாவிக்காரர் எழுந்தார். ஒதுக்கீட்டுக் கடிதத்துக்குக் கெடு இன்று ஐந்து மணி என்பதை நினைவுபடுத்தினார். மைத்துனன் அதை எதற்குச் சொல்கிறீர்கள் என்பதுபோலப் பார்த்தான்.

"போய்க் கையெழுத்துப் போடு. மூணாம் நம்பர் உன்னோடது. அதுக்குப் பின்னால வீடு இல்லைன்னாத்தானே பிரச்சினை? பட்டறைய ரெண்டாப் பிரிப்போம். பாதி எனக்குப் போதும்."

"கட்டறதுக்கு அனுமதி தரமாட்டாங்களே அத்தான். நாம முன்னாடியே ரெண்டு தடவ கேட்டாச்சு."

இதை ஏழாம் ஜன்னலில் கேட்டார்கள். பெண் எழுத்தர் ஒப்புதல் கடிதத்தில் மைத்துனனின் கையெழுத்தை வாங்கி, பட்டியலில் அவன் பெயரைக் கோடு கிழித்தார். அப்புறம் முகத்தில் எதுவும் காட்டாமல், புதிய வீடு கட்டத்தான் அனுமதி வேண்டும் என்று சொன்னார். இருக்கிற வீட்டில் பழுது பார்க்க அனுமதி தேவையில்லை. இந்த வீட்டில் என்ன பழுது என்று கேட்டார்.

"செவுரு இல்லைங்க" என்றான் மைத்துனன்.

"அப்ப பாத்துக்கங்க" என்று முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

இரண்டு மாதம் பிடித்தது. கொத்து வேலை யாருக்கும் தெரியாது. முதலில் எழுப்பிய சுவர் கோணலானதால் பிரித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். மைத்துனன் மனைவி சாந்து குழைத்தாள்; சாவிக்காரர் மனைவி வேலை முடிந்து வந்து செங்கல் எடுத்துக் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றை அனுப்பி வைத்தார். மூன்றாம் எண் கதவை நிலையோடு பெயர்த்துப் புதுச் சுவரில் வைத்தார்கள். மற்ற நான்கும் வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் அவற்றைக் கழற்றி, சட்டத்தை ஜன்னலுக்கும் பலகையை அலமாரிக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஓர் அறை, அடுப்பு வைக்க ஒரு மூலை, ஒரு குளியலறை. திரைச்சீலையைக் கழற்றித் துவைத்து ஜன்னலுக்குப் போட்டாள் மைத்துனன் மனைவி.

பூச்சு காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள் காலை வரி ஆய்வாளர் அரையாண்டுக் கணக்குக்கு வந்தார். நோட்டைத் திறந்துகொண்டே பட்டறையைச் சுற்றி நடந்தார். திரும்ப ஒரு சுற்று நடந்தார். அப்புறம் சாவிக்காரரிடம் வந்து, நாலு வீட்டைக் காணோம் என்றார்.

சாவிக்காரர் நடந்ததைச் சொன்னார். ஆய்வாளர் முகம் வெளுத்துப்போயிற்று. அவர் கோபப்படவில்லை, விளக்கினார். பதிவேட்டில் இங்கே ஐந்து வீடு. இப்போது இருப்பது ஒன்று. ஒன்று என்று அவர் எழுதினால் ஊரின் எண்ணிக்கை எழுநூற்றுத் தொண்ணூற்றாறு ஆகும், வரி ஏறும், வரி ஏறியதற்குக் காரணம் தேடுவார்கள். வீடு கட்டி, அதனால் வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்தது குற்றம். கட்டிய வீட்டை இடித்துவிட்டு ஐந்து வீட்டையும் பழையபடி நிறுத்த ஏழு நாள் கெடு கொடுப்பார்கள். விதி அப்படி.

மைத்துனன் கையில் பூச்சுக் கரணையோடு வாசலில் வந்து நின்றான். குழந்தை அவன் காலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. 

ஆய்வாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். மைத்துனன் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, உள்ளே பார்க்கலாமா என்று கேட்டார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலடி வைத்தார். இந்த முறை எதிரே சுவர் வரவில்லை. நான்கு எட்டு எடுத்து வைத்தார். புதுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அலமாரியைத் திறந்து மூடினார். ஜன்னலருகே கொஞ்ச நேரம் வெளியே பார்த்தபடி நின்றார்.

"நானும் பட்டியல்ல இருக்கேன்" என்றார் திரும்பாமலே. "அறுநூத்தி நாப்பத்து மூணு. அம்மாவும் நானும். எங்களுக்கு இன்னும் கதவுகூட வரல."

 அவர் ஜன்னல் திட்டில் நோட்டை வைத்து, வீடுகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஐந்து என்று எழுதினார். எழுத்திலும் ஒரு தடவை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். அப்புறம் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பேனாவை உதறி மையை வரவழைத்துக்கொண்டு, இந்த அளவு அறைக்கு எத்தனை செங்கல் பிடித்தது என்று மைத்துனனிடம் கேட்டார்.